யாருக்கும் தோன்றக்கூடியது

அக்கா வீட்டில் சௌகரியமாக இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போனை எடுக்காததால், கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். காலை ஏன் தூக்கினேன் என்று பிறகு சொல்கிறேன்.

இன்று எங்கள் காப்புரிமை அலுவலகத்தில் எனக்கு நல்ல மண்டகப்படி. பிளாஸ்டிக் வெயிலில் வெடிக்காமலிருக்க இரண்டு ரசாயனங்களைச் சேர்த்து ஒருவர் விண்ணப்பித்திருந்தார். இரண்டுமே பழசு. "யாருக்கும் தோன்றக்கூடியது" என்று எழுதித் தள்ளுபடி செய்யப் போனேன். மேலதிகாரி அம்மாள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்: "விடையப் பாத்துட்டு கணக்கு ஈஸின்னு சொல்றதா? ரெண்டும் சேந்தா ஒண்ணை ஒண்ணு கெடுத்துடும்னுதானே இத்தனை வருஷமா எழுதி வச்சிருக்காங்க. யாருக்கும் தோணும்னா, ஏம்மா யாருக்கும் தோணலை?"

"நீங்க சொல்றதுதான் சரி" என்றேன். நானும் இப்படிச் சொல்வேன் என்பது உங்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கும். விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சமையலறைக் குழாயைப் பார்த்தேன். அன்று நீங்கள் சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றி ஒழுகலை நிறுத்தினீர்கள். நான், "இதுல என்ன இருக்கு, யாருக்கும் தோணுமே" என்றேன். நீங்கள் அக்கா வீட்டுக்குப் பையைத் தூக்கினீர்கள். சரி, தோன்றுகிறதா பார்ப்போம் என்று ட்யூபைக் கழற்றினேன். திரும்ப எப்படி மாட்டுவது என்று எனக்குத் தோன்றவே இல்லை. காலைத் தூக்கியது அதனால்தான்.

ஆகவே உங்கள் விண்ணப்பத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். இது அலுவலக முடிவு. மன்னிப்பு கேட்டாள் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம்.

தண்ணீரை நிறுத்தும் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று, இதைக் கொண்டுவரும் கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லியனுப்புங்கள். அவர் தலையிலும் ஒழுகுவதால் வேகமாகத்தான் வருவார். நீங்களே வருவதாக இருந்தால், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வரவும்.

இப்படிக்கு,
கட்டில்மேல் காத்திருக்கும் பரிசோதகர்