ஜன்னலைப் பார்த்து நில்லுங்கப்பா

ஜூன் 2, திங்கள்

விடிந்ததில் இருந்து சாரல். நேற்று துவைத்த லுங்கி இன்னும் ஈரம். பால் வந்தது, பேப்பர் வரவில்லை.

காலையில் எடுத்த என் படத்தை அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் துபாயில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கும் மகள் ஷீபா கூப்பிட்டாள்.

"என்னப்பா இது? நெத்தியும் ஃபேனும் மட்டும் தெரியுது. முகம் எங்க?"

"கீழ இருக்கு மக்களே."

சின்ன வயதில் இருந்தே அவள் எனக்கு 'மக்களே'தான். சிரித்தாள். பிறகு திட்டினாள்.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, எதிர்வீட்டு லில்லி வந்து பார்க்கும்வரை தரையிலேயே கிடந்தேன். அதிலிருந்து மகளின் சட்டம் இது. எழுந்ததும் ஒரு செல்ஃபி. "படம் வந்தா நீங்க எழும்பியாச்சுன்னு நிம்மதியா டூட்டிக்குப் போவேன்." வராவிட்டால் லில்லிக்கு போன் போகும்.

மத்தியானம் கஞ்சி, பயறு.

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் படம் சரியில்லை. பின்னால் ஜன்னல், முன்னால் நான், கரிக்கட்டை மாதிரி. கூப்பிட்டாள். பாடம்:

— லென்ஸைத் துடைக்க வேண்டும். என் விரல் எண்ணெய் முழுக்க அதில்தான்.
— ஜன்னலுக்கு முதுகு காட்டக் கூடாது. "ஜன்னலைப் பாத்து நில்லுங்கப்பா. வெளிச்சம் முகத்துல விழணும்."
— போன் கண்ணுக்குக் கொஞ்சம் மேலே. கீழே பிடித்தால் தாடை தொங்கும்.
— திரையில் என்னைப் பார்க்காமல், மேலே உள்ள சின்னக் கறுப்புப் புள்ளியைப் பார்க்க வேண்டும்.
— பட்டனைத் தேடித் தடவ வேண்டாம். கையை விரித்துக் காட்டினால் அதுவே எடுத்துக்கொள்ளும்.

கடைசியானது நல்ல வேடிக்கை. தக்கலை – நாகர்கோவில் ரூட்டில் கை காட்டியவர்களுக்காகவே பஸ்ஸை நிறுத்தியவன் நான். இப்போது ஒரு போனுக்கு நான் கை காட்டுகிறேன்.

அவளை டூட்டிக்கு ஏற்றிப்போகும் ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை பேசினாள். நல்ல நாள்.

ஜூன் 5, வியாழன்

வெயில். அடுக்களை ஜன்னல் பக்கம் நின்று எடுத்தேன். முகம் தெளிவு. கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை தெரியவில்லை. எனக்கே ஆச்சரியம். ஓட்டுநர் வேலையில் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்த்தே பழக்கம், சொந்த முகத்தைக் கவனித்ததில்லை.

பதில்: ஒரு சிவப்பு இதயம். "சூப்பர்ப்பா." கூப்பிடவில்லை.

ஜூன் 7, சனி

நேற்று இதயம். இன்றும் இதயம்.

சந்தையில் சாளை மீன் மலிவு. ஒரு ஆளுக்கு எவ்வளவு வாங்குவது என்று இன்னும் பிடிபடவில்லை. மிச்சம் லில்லி வீட்டுப் பூனைக்கு.

ஷீபாவின் அம்மா ரோசம்மா உயிரோடு இருந்திருந்தால் இந்தச் செல்ஃபியைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாள்? நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கிற படம் ஷீபா கல்யாணத்தோடு சரி.

சாயங்காலம் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வராந்தாவில். சிம் கம்பெனிக்காரன் மட்டும் கூப்பிட்டான். அவனிடம் கொஞ்சம் பேசினேன்.

ஜூன் 9, திங்கள்

இன்று வேண்டுமென்றே கெடுத்தேன். ஜன்னலுக்கு முதுகு, லென்ஸில் விரல். அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

எழுத்தில் பதில்: "லென்ஸ் துடைங்கப்பா. டூட்டி."

வெட்கமாகிவிட்டது. இந்த வயதில் இது தேவையா. உடனே நல்லதாக எடுத்து அனுப்பினேன். அதே மூச்சில் சட்டையை மாற்றி மாற்றி இன்னும் சில எடுத்து வைத்தேன். நாளைக்கு இருக்கட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

காய்ச்சல். எழும்ப முடியவில்லை. படுத்தபடியே நேற்று எடுத்த நீலச் சட்டைப் படத்தை அனுப்பினேன். இதயம் வந்தது.

சுக்குத் தண்ணீர் போட ஆள் இல்லை.

ஜூன் 11, புதன்

கோடு போட்ட சட்டை. இதயம். மேலெல்லாம் வலி. மாத்திரை மட்டும்.

ஜூன் 12, வியாழன்

காய்ச்சல் விட்டது. வாய் கசப்பு. லில்லி கஞ்சி கொண்டு வந்தாள். "ஏன் சார் சொல்லல? நான் எதுக்கு எதிர்ல இருக்கேன்?"

ஷீபாவும் இடையிடையே தன் படத்தை அனுப்புவாள்; படுத்துக்கொண்டே அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முன்பெல்லாம் அழகாக இருக்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போவேன். இன்று கண் வேறு இடங்களில் நின்றது.

எல்லாம் ஒரே மஞ்சள் சுவர். ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கம். போன் கண்ணுக்கு மேலே. எனக்குச் சொல்லித் தந்ததேதான். பழைய படங்களில் பின்னால் சோபா, டி.வி., மருமகன் வினோத்தின் முழங்கை, ஏதாவது ஒன்று இருக்கும். இப்போது சுவர் மட்டும்.

போன திங்கள் வந்த படத்தையும் புதன் வந்ததையும் பெரிதாக்கினேன். சுடிதார் வேறு. கழுத்தோரம் ஒட்டியிருந்த ஈர முடி இரண்டிலும் ஒன்றேதான்.

ஜூன் 13, வெள்ளி

அவளுக்கு லீவு. நானே கூப்பிட்டேன்.

"என்னப்பா, என்ன ஆச்சு?"

"செவ்வாக்கிழமைல இருந்து காய்ச்சல்ல கெடந்தேன். நீ பாத்த படம் எல்லாம் முந்தியே எடுத்து வச்சது."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"சட்டைய மாத்தி மாத்தி எடுத்தியளா?"

"ஆமா."

"நானும் அப்பிடித்தாம்ப்பா."

அழுகை. இடையில் துண்டு துண்டாகச் சொன்னாள். "நான் வினோத் கூட இல்ல. ஈஸ்டருக்கு முந்தியே வந்துட்டேன். கூட வேல பாக்குத பிள்ளையளோட ஒரு ரூம்ல இருக்கேன். சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க விழுந்துட்டியளே. அப்புறம் எப்பிடிச் சொல்ல?"

"அடிச்சானா?"

"ஆகஸ்ட்ல லீவுக்கு வருவேன், நேர்ல சொல்லுதேன்ப்பா."

பஸ் ஓட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே ஓரம் கட்டியிருப்பேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"சாப்பிட்டியா மக்களே?"

"இல்ல."

"போயி ஏதாவது செஞ்சு சாப்பிடு. போன வைக்காத."

வைக்கவில்லை. பாத்திரம் எடுக்கிற சத்தம், தண்ணீர் விழுகிற சத்தம், எண்ணெய் பொரிகிற சத்தம். நான் இங்கே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14, சனி

மழை. தூக்கம் சரியில்லை. இத்தனை நாள் எனக்கு இதயம் அனுப்பியவளுக்கு யார் ஆறுதல் சொன்னார்கள்? வினோத்தின் நம்பரை எடுத்தேன், வைத்தேன். அவள் சொல்லாமல் கூப்பிடக் கூடாது.

ஷீபாவின் அறையைத் திறந்தேன். ஒட்டடை. சன்னமான பூஞ்சை வாசம். மெத்தையை வராந்தாவுக்கு இழுக்கும்போது லில்லி பார்த்துவிட்டாள்.

"யாரு சார் வாறா?"

"மகள். ஆகஸ்ட்ல."

"மருமவனுமா?"

"இல்ல. அவ மட்டும். இனி அவ மட்டும்தான்."

லில்லி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து மெத்தையின் மறு முனையைப் பிடித்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சுக்குப் போய் வந்தேன். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும். மத்தியானம் அவளே வீடியோவில் வந்தாள். எண்ணெய் வடிகிற முகம், சீவாத முடி, பின்னால் கயிற்றில் யார் யாருடைய துணிகளோ. போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்தேன். அவள் தட்டு எனக்கு முழுசாகத் தெரிந்தது. ரசம், அப்பளம். இருவரும் சாப்பிட்டோம்.

"ரெண்டு துண்டு தானா? இன்னும் கொஞ்சம் மீன் வச்சுக்கிடுங்கப்பா" என்றாள்.

வைத்துக்கொண்டேன்.