கடைசி ரீலில் கேட்டது

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வார்த்தையே பொய்யாக வேண்டாம். உன் நலமறிய ஆவல். அதை மட்டும் வைத்துக்கொள்.

இடது காது முன்பே போனதுதான், இப்போது போன வலது காதும் திரும்பவில்லை. அன்று போனில் உன்னிடம் அப்படிக் கத்தியதற்கு மன்னித்துவிடு. காதுக்குள் ஊசி போட்டார்கள். நேற்று டாக்டர் ஒரு தாளில் "பொறுத்துப் பார்ப்போம்" என்று எழுதிக் காட்டினார். ஒரு டாக்டரின் கையெழுத்து எனக்குப் புரிந்தது இதுதான் முதல் முறை. புரியாமலே இருந்திருக்கலாம்.

விண்வெளிப் படத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேனே, அதன் ஒலிப்பதிவு அடுத்த வாரம். கதை உனக்குத் தெரியும். விண்கலத்தில் பழுதுபார்க்கிற பெண் தனியாக மாட்டிக்கொள்கிறாள். அவள் பூமியோடு பேசினால் பதில் வந்துசேர நாளாகிறது. கடைசி ரீலைத் தவிர எல்லாவற்றையும் காது இருந்தபோதே எழுதி முடித்தேன். கடைசி ரீலை மட்டும் காது போன பிறகு எழுதினேன். எப்போதும் மனசுக்குள் கேட்பதைத் தாளில் வைத்து, பிறகு வாசித்துப் பார்த்துத் திருத்துவேன். இந்த முறை திருத்த வழியில்லை. வைத்ததை வைத்தபடி அனுப்பிவிட்டேன்.

இது இயக்குநருக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. தெரிந்தால் படம் வேறு கைக்குப் போய்விடும். அதுகூடப் பெரிதில்லை. அந்தக் கடைசி ரீல் இசையாக வந்திருந்தால் நான் இன்னும் இசையமைப்பாளர். வரவில்லையென்றால் நான் காது கேட்காத ஒரு பெண்பிள்ளை, அவ்வளவுதான். இரண்டில் எது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நீ போ. அக்காவுக்குத் தலைசுற்றல், பயணம் கூடாது என்று சொல். என் ஆளாக அங்கே உட்கார். உனக்குத் தாளத்துக்கும் தகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் எனக்காக இரக்கப்பட்டு எழுதிவிடுவார்கள். நீ சாலை விபத்துச் செய்தி எழுதுவாயே, அதுபோல எழுது. எது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எது எதன்மேல் மோதியது, பார்த்தவர்கள் என்ன செய்தார்கள். "அருமை", "இனிமை", "உருக்கம்" மூன்றும் தடை.

கைப்பேசியை அணைத்து அலமாரியில் போட்டுவிட்டேன். அது உயிரோடு இருந்தால் பட அலுவலகத்தில் யாராவது கூப்பிடுவார்கள். கடிதமே எழுது.

உன்
அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

போனேன், உட்கார்ந்தேன், கேட்டேன். இனி செய்தி.

கூடம் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு அறை அளவு இருக்கும். சுவரெல்லாம் துளைபோட்ட பலகை. வாசிக்கிறவர்கள் ஒரு காதில் ஹெட்போனை மாட்டி, மறு காதைத் திறந்து வைத்திருக்கிறார்கள். மாட்டிய காதில் கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று வருமாம். சிவப்பு விளக்கு எரிந்தால் மூச்சுகூட விடக்கூடாது. நான் பேனாவின் மூடியைத் திறந்த சத்தத்துக்கு ஒரு டேக் வீணாயிற்று. வாத்தியக் குழுவின் நடத்துநர் திரும்பிப் பார்த்தார். டிக்கெட் எடுக்காதவனைப் பேருந்து நடத்துநர் பார்ப்பாரே, அதே பார்வை.

முரசுக்காரர் பக்கத்தில் இடம் கொடுத்தார்.

"நீங்க அம்மாவோட தம்பியா சார்? நீங்க என்ன வாசிப்பீங்க?"

"பேப்பர் வாசிப்பேன்."

அதற்குப் பிறகு அவர் எனக்கு நண்பராகிவிட்டார்.

முதல் ரீல், கலம் கிளம்புகிற இடம். பெரிய ஆரவாரமாக இருக்கும் என்று காதைப் பொத்தத் தயாராக இருந்தேன். எதுவும் கேட்கவில்லை. பாரம் ஏற்றிய லாரி தெருமுனையில் திரும்பும்போது, நமக்குத் தெரிவதற்கு முன்னால் சன்னல் கண்ணாடிக்குத் தெரிந்துவிடுமே, அப்படி என் நாற்காலிக்கு முதலில் தெரிந்தது. அது அந்த ஆளுயர வயலின்களின் வேலை. அவற்றின்மேல் ஒரு புல்லாங்குழல் வந்தது. கதவுக்கு வெளியே நின்று சாவி தேடுகிறவரைப் போல இருந்தது. கொஞ்சம் தேடுகிறது, நிற்கிறது, வேறு பையில் தேடுகிறது. டிரம்பெட் வாசிப்பவர்கள் முகம் சிவக்க ஊதினார்கள். வந்ததோ பூனை நடக்கிற சத்தம்.

நான்காம் ரீலில் பூமியிலிருந்து பதில் வருகிறது. இடப்பக்க வயலின்கள் ஒன்றைச் சொல்லி முடித்து வெகுநேரம் கழித்து, வலப்பக்கத்தவர்கள் அதையே கொஞ்சம் மாற்றிச் சொன்னார்கள். சின்ன வயதில் நாம் இருவரும் சண்டை போட்டுப் பேசாமலிருந்தபோது, அம்மா வழியாகப் பேசிக்கொள்வோமே. "சாப்பிட வரச் சொல்லும்மா." "பசிக்கலன்னு சொல்லும்மா." அம்மா கொண்டுபோய்ச் சேர்க்கும்போது அதில் கோபம் குறைந்திருக்கும். எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

ஒரு புகாரும் உண்டு. ரீல் முடிந்து விளக்கு அணைந்ததும் இந்த வயலின்காரர்கள் கையிலிருக்கும் வில்லால் எதிரே தாள் வைத்திருக்கும் கம்பியைத் தட்டுகிறார்கள். பசித்தவர்கள் தட்டைத் தட்டுவதுபோல. "என்ன, டீ வரலையா?" என்று முரசுக்காரரிடம் கேட்டேன். சிரித்தார். உன் இசையை வாசித்துவிட்டு இப்படித் தட்டினால் எனக்குக் கோபம் வராதா? நான்காம் ரீலுக்கு நடத்துநர் கையை உயர்த்தும்வரை நிறுத்தவில்லை. ஆறாம் ரீலுக்கு மட்டும்தான் ஒழுங்காக, அமைதியாக இருந்தார்கள்.

கடைசி ரீல் அடுத்த வாரம். சாப்பிடுகிறாயா?

உன்
தம்பி


மார்ச் 14

அடேய் நிருபரே,

உன் ஆறு பக்கத்தையும் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. சாவி தேடுகிற புல்லாங்குழல்! நான் எழுதியது அதுதான். கலத்தில் அவள் வழி தேடுகிறாள் என்று நினைத்து எழுதினேன். நீ வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாய். இங்கே உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு எப்படி இருந்தது என்று தெரியவில்லை. தொண்டை அதிர்ந்தது.

முட்டாளே, அது டீக்குத் தட்டியதில்லை. வாசிக்கிறவர்களின் கையில் கருவி இருக்கும், கைதட்ட முடியாது. பிடித்துப்போனால் வில்லால் தட்டுவார்கள். அவர்களுக்குச் சம்பளம் வாசிப்பதற்கு. தட்டுவதற்கு யாரும் கொடுப்பதில்லை. ஆறாம் ரீலுக்குத் தட்டவில்லையா? சரிதான். அது எனக்கும் பிடிக்காது, இயக்குநர் கேட்டாரென்று எழுதியது. என்னவென்றே தெரியாமல் உன் கண் சரியாகப் பார்த்திருக்கிறது. உன்னை அனுப்பியது வீண்போகவில்லை.

கடைசி ரீலுக்கு வேறெதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. தட்டினார்களா என்று மட்டும் பார்.

டாக்டர் இப்போது "பொறுத்துப் பார்ப்போம்" என்பதையும் எழுதுவதில்லை. என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். அந்த மனிதர் இதுவரை யார் கையையும் பிடித்ததாக எனக்கு ஞாபகமில்லை. தூங்கப் பயமாக இருக்கிறது. கண்ணை மூடினால் இருப்பதும் போய்விடுகிறது.

உடனே எழுது.

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

கடைசி ரீல் நல்லபடியாக முடிந்தது. மிக அருமையாக இருந்தது. எல்லோரும் மெய்மறந்து வாசித்தார்கள். முடிந்ததும் தட்டினார்கள், அக்கா. எல்லோருமே தட்டினார்கள். இயக்குநருக்கும் மிகவும் திருப்தி.

இனி கவலையை விட்டு உடம்பைப் பார்த்துக்கொள். அலுவலகத்தில் வேலை குவிந்துவிட்டதால் விரிவாக எழுத முடியவில்லை.

உன்
தம்பி


மார்ச் 22

தம்பி,

ஒரு பழைய லாரி மோதலுக்கு முழுப் பத்தி எழுதுகிறவன் நீ. என் கடைசி ரீலுக்கு "மிக அருமை".

தவறு என்னுடையது. தட்டுவது என்றால் என்னவென்று தெரியாமல் நீ எழுதியது சாட்சி. தெரிந்த பிறகு எழுதியது தயவு. சாட்சிக்கு நானே பதிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். உன் பத்திரிகையில் ஒரு சின்னப் பையன் இதைச் செய்திருந்தால் அவன் தோலை உரித்திருப்பாய்.

இரண்டு நாளாக உன் அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தட்டினார்கள் என்று ஒரு நிமிஷம் நம்புகிறேன். அடுத்த நிமிஷம், நல்ல இசையைக் கேட்டிருந்தால் இவன் ஏன் ஒரு லாரியையோ பூனையையோ கொண்டுவரவில்லை என்று தோன்றுகிறது. அந்தத் தாள்களை எடுத்து மனசுக்குள் வாசித்துப் பார்க்கிறேன். எனக்குச் சரியாகத்தான் கேட்கிறது. ஆனால் மனசுக்குள் எல்லோருக்கும் எல்லாமே சரியாகத்தான் கேட்கும், பைத்தியத்துக்கும் அப்படித்தான்.

என்னைக் காப்பாற்றாதே. நீ பொய் சொன்னால் என்னிடம் உண்மை வந்துசேர வேறு வழியே இல்லை. மற்றவர்களுக்கு முகம் பார்த்துச் சந்தேகப்படலாம், குரலை வைத்துப் பிடிக்கலாம். எனக்கு உன் எழுத்து ஒன்றுதான். அதிலும் மண்ணைப் போட்டால் நான் எங்கே போவேன்?

நடந்ததை எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 26

அக்கா,

எழுதுகிறேன்.

முதல் டேக்கைப் பாதியில் நிறுத்தினார்கள். நடத்துநர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உன் கையெழுத்திலிருந்து அதைப் படியெடுத்தவரைக் கூப்பிட்டார். "காப்பியில தப்பா?" படியெடுத்தவர் உன் மூலத்தைக் கொண்டுவந்து விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார். "இல்லீங்க. அம்மா எழுதினது இதேதான்." மறுபடி வாசித்தார்கள். இந்த முறை முடிவுவரை போனார்கள்.

அந்தப் பெண் பதில் வராது என்று தெரிந்தும் பூமியோடு பேசிக்கொண்டே இருக்கிற காட்சி. ஆளுயர வயலின்களில் தொடங்கி ஒவ்வொரு கூட்டமாகச் சேர்ந்தது. மற்ற ரீல்களில் ஒருவர் பேசினால் ஒருவர் ஒதுங்குவார்கள். எனக்கே அது கேட்டது. இதில் யாரும் யாருக்கும் வழிவிடவில்லை. விபத்து நடந்த அன்று மருத்துவமனை வாசலில் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே ஊழியரிடம் கேட்பார்களே, அப்படி இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. முரசுக்காரர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு அணைந்தது. தட்டவில்லை. ஒருவர்கூடத் தட்டவில்லை. கொம்பு வாசிக்கிறவர் அதைக் கவிழ்த்து உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கீழே விட்டார். அந்தச் சொட்டுச் சத்தம் எனக்குக் கேட்டது.

இயக்குநர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, சின்னக் குரலில், "இந்த ரீலுக்கு மியூசிக்கே வேணாம் சார். விண்வெளியில சத்தமே கிடையாதில்ல, அப்படியே விட்டுடலாம்" என்றார். மற்ற ரீல்கள் எல்லாம் நீ எழுதியபடி இருக்கும். உன் பெயரும் இருக்கும். கடைசி ரீல் மௌனமாக ஓடும்.

நடத்துநர் என்னைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போனார். "தப்பா நினைக்காதீங்க. அம்மாவுக்குக் காது கேக்குதா?" இத்தனை வருடமாக அடுத்தவர் வாயைப் பிடுங்கிப் பிழைக்கிறவன் நான். எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். சொல்ல மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும், இதுவும் நடந்ததுதான். காது போன அன்று நீ போனில் கத்தினாயே. "கேக்குதா? டேய், நான் பேசறது கேக்குதா?" எனக்குக் கேட்டது. கேட்குது கேட்குது என்று நானும் கத்தினேன். நீ நிறுத்தவில்லை. அந்த ரீலில் நான் கேட்டது அதைத்தான். அது இசையா இல்லையா என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அங்கே தகுதி இருந்தவர்கள் தட்டவில்லை. ஆனால் அது நீ என்று அந்தக் கூடத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். எழுந்து நின்று அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

தம்பி


ஏப்ரல் 4

அக்கா,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபாலில் தாமதமா என்று விசாரித்தேன், இல்லையாம். வெறும் தாளையாவது உறையில் போட்டு அனுப்பு. உன் கையால் என் முகவரி எழுதியிருந்தால் போதும்.

தம்பி


ஏப்ரல் 9

அக்கா,

இந்தத் தாளில் தபால்தலை இருக்காது. உன் வாசலில், மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பேருந்தை விட்டு இறங்கியதும் நேரே வந்தேன். வந்த வேகத்தில் அழைப்பு மணியை அழுத்தினேன். அப்புறம் கதவைத் தட்டினேன். அப்புறம், உன் பேரைச் சொல்லிக் கத்தினேன். என்னைப் போன்ற மடையன் இருப்பானா சொல். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "யாரு சார் நீங்க?" என்றார். தம்பி என்றேன். "முந்தாநாள் பார்த்தோம். அவங்க யார்கிட்டயும் பேசறதில்லையே" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தாமல் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறார்.

உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. கீழே குனிந்து இடுக்கு வழியாகப் பார்த்தேன். வெளிச்சம் இருக்கிறது. சற்றுமுன் அதன் குறுக்கே ஒரு நிழல் போனது. காற்றில் திரைச்சீலை அசைந்ததாகவும் இருக்கலாம். பார்த்ததை மட்டும்தான் எழுதுகிறேன்.

நான் உன்னைச் சமாதானப்படுத்த வரவில்லை. அந்த ரீல் நல்ல இசை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். நீ இனி என்ன செய்யப் போகிறாய் என்றும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் தெரியாமல் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கலாம், அதற்குத்தான் வந்தேன்.

இந்தத் தாளைக் கதவுக்கு அடியில் பாதிவரை தள்ளப் போகிறேன். மறுபாதி வெளியே என் விரலில் இருக்கும். நீ எதுவும் எழுத வேண்டாம். உன் பக்கத்து முனையைப் பிடித்து இழு. எனக்குத் தெரியும்.

தம்பி