இரண்டு ஆள் சோறு

சிவகாசி
18.7.2007

அன்பு மகன் சாபிருக்கு அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே நான் நலம், உன் அத்தா தேவைக்கு மேலேயே நலம். ஷார்ஜா வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வராதிருக்க தினமும் துஆச் செய்கிறேன்.

போனில் அத்தா குரல் தெம்பாக இருக்கிறதென்று நீ பூரித்துப்போனாய். தெம்புக்கு என்ன குறை, சென்னையில் நடுக்கத்துக்கு மூளையில் ஆபரேசன் செய்து பத்தே மாதத்தில், போன மாதம் கடையில் காகிதக் கட்டு நிறுக்கும் தராசில் ஏறி நின்று தானே பெருமையாக எடை பார்த்தார். ஐம்பத்தொரு கிலோ இருந்த மனுஷன் அறுபத்தெட்டு. உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும் என்பார்கள், இவர் உட்கார்ந்து தின்று மலையாகிக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்களெல்லாம் ‘ஆளு தேறிட்டீகளே’ என்று வேறு ஏற்றிவிட்டார்கள். கை நடுங்கிய ஆறு வருஷமும் கல்யாண விருந்தில் இவரோடு ஒரே சஹன் தட்டில் கூட்டாக உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை, சோறு மேலே தெறிக்குமென்று நாசூக்காக அடுத்த தட்டுக்கு நகர்ந்துவிடுவார்கள், உன் பெரியத்தா மகன் அசாருதீன் உட்பட. இப்போது அதே ஆட்கள் வாங்க வாங்க என்று கூப்பிட, இவரும் கூசாமல் போய் நாலு பேர் தட்டில் மூன்று பேர் பங்கைத் தீர்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

கடைசியில் மூச்சு வாங்குகிறதென்று டாக்டரிடம் போனால் சர்க்கரை இருநூற்று அறுபது. நடுங்கி நடுங்கியே உடம்பு தின்றதையெல்லாம் எரித்துவிட்டதாம், இப்போது நடுக்கம் நின்றதால் தின்றது அப்படியே தங்குகிறதாம், எடை இறங்காவிட்டால் இதயத்துக்கு ஆபத்து என்றார். வீட்டில் எவ்வளவு சாப்பாடு வைக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. பாதிச் சோறு பாயில் சிந்துகிறதே என்று ஆறு வருஷமாக இரண்டு ஆள் சோறு வைத்துப் பழகியவள் நான். சிந்துவது நின்றுபோனது, என் கரண்டிக்கு அந்தச் சேதி யாரும் சொல்லவில்லை. ஊரைப் பழித்த நான்தான் முதல் குற்றவாளி. எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

மறுநாளே பாதியாகக் குறைத்தேன். ‘நடுங்குறப்ப அம்புட்டு வச்ச, சொகமானவனுக்கு இம்புட்டுத்தானா’ என்று தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார், உனக்கு ஆறு வயதில் இருந்த அதே முகம். என்ன செய்வது, ஒரே தட்டில் சோற்றைப் போட்டு நானும் எதிரே உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருஷத்தில் அவர் எழுந்திருக்கும் முன் நான் சாப்பிட்டதே இல்லை. மனுஷன் சுவரை விட்டுத் திரும்பினார். தன் வாய்க்கே ஒரு கவளம் கொண்டுபோக முடியாமலிருந்த அந்தக் கையால் மீனில் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுச் சதையை என் பக்கம் ஒதுக்கினார். அன்றிலிருந்து தினமும் இதே கூத்துதான்.

நீ இனி பேரீச்சம்பழம், பிஸ்தா என்று பெட்டி அனுப்பாதே. போனில் நல்லா சாப்பிடுங்க என்று சொல்லாமல் இன்றைக்கு எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று கேள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பறக்கத்தும் தரட்டும். மறக்காமல் ஒன்று, பக்ரீதுக்கு எனக்கு எடுக்கும் புர்காவை ஒரு சுற்று பெரிதாகவே எடு. இந்த இருபது நாளில் அவருக்கு இறங்கியது இரண்டு கிலோ, எனக்கு ஏறியது மூன்று. போதும் என்று சொல்ல மனசு வரவில்லை.

இப்படிக்கு உன் அம்மா,
நா. பீவி ஜான்