முப்பதுக்கு ஐந்து குறைவு

மார்ச் 3

இன்று ஒன்பது. சிவப்புப் பந்து, கறுப்பு, சிவப்பு: ஒன்று, ஏழு, ஒன்று. அடுத்து அடித்த நீலம் பாக்கெட்டின் வாய்வரை போய் நின்றுவிட்டது.

காலை ஆறரைக்குக் கிளப்பைத் திறந்து, தரை துடைத்து, இரண்டு ஸ்னூக்கர் மேசைக்கும் பிரஷ் போட்டு முடிக்க எட்டாகும். உறுப்பினர்கள் பத்துக்குத்தான் வருவார்கள். நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தை அக்காதான் மேனேஜரிடம் பேசி வாங்கினாள். துடைப்பதும் இரண்டு பேர், ஆடுவதும் இரண்டு பேர் என்று ஏழு வருஷம் ஓடியது. நவம்பரிலிருந்து நான் மட்டும். எதிராளி அடியையும் நானே அடிக்க வேண்டியிருக்கிறது. அக்காவுக்காக அடித்தால் நன்றாக விழுகிறது.

மார்ச் 5

கேப்டன் வந்தார். பஸ் ஓட்டுகிறவர், கிளப் டீமுக்குத் தலைவர். டீமில் அக்கா இடம் இன்னும் காலி. மாதக் கடைசியில் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டுமாம்.

"டைல்ஸ் கடைக்காரர் கேக்கறாரு. நல்லாத்தான் ஆடறாரு. ஆனா நீங்க என் கண்ணு முன்னால ஒரு முப்பது போட்டுட்டா இடம் உங்களுக்கு. உங்க அக்காவும் அப்படித்தானே உள்ள வந்தாங்க?"

ஒரு முறைகூடத் தவறவிடாமல் வரிசையாகப் போட்டு முப்பது புள்ளி. நான் இதுவரை போட்டதில் பெரியது பதினேழு.

வியாழக்கிழமை டீம் ஆட்டத்துக்கு அக்கா உட்காரும் நாற்காலியில் டைல்ஸ்காரர் உட்காருவார் என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 6

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நாப்பத்தொம்பது வயசுல பெரிய கோலி விளையாட்டா? பேரன் பேத்தி எடுக்கற வயசுடி."

"எடுத்துட்டா விளையாடக்கூடாதா?"

"தாராளமா விளையாடு. இடுப்பு பிடிச்சா மட்டும் என்கிட்ட வராத."

இடுப்பு பிடித்தது. அவர்தான் தைலம் தேய்த்தார்.

மார்ச் 12

ஒரு விஷயம் பிடிபட்டது. மேசைத் துணிக்குப் பூனை முதுகு மாதிரி ரோமம் உண்டு. மேசையில் அரைவட்டம் போட்ட பக்கத்திலிருந்து கறுப்புப் பந்து வைக்கும் பக்கம்வரை ஒரே திசையில்தான் பிரஷ் போடுவோம். அதற்கு எதிரே மெதுவாக வரும் பந்து கொஞ்சம் சாய்கிறது. ஏழு வருஷமாகத் தடவிக்கொடுக்கிற முதுகு, எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியாதா? அடிக்கும்போது அதை யோசித்ததே இல்லை.

பத்தொன்பது.

மார்ச் 20

இருபத்திரண்டு. கைப்பழக்கத்தில் அந்த எண்ணை அக்கா நம்பருக்கு அனுப்பிவிட்டேன். போன் அத்தானிடம் இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "இன்னும் எட்டு." அக்கா முப்பதுக்கு ஏறிக்கொண்டிருந்தபோது தினமும் எவ்வளவு, எவ்வளவு என்று கேட்டவர் அல்லவா.

மார்ச் 22

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 28

கடைசி நாள். டைல்ஸ்காரருடன் ஆடச் சொல்லி கேப்டன் பக்கத்தில் நின்றார்.

மூன்று சிவப்பு, மூன்று கறுப்பு. இருபத்துநான்கு. இன்னொரு சிவப்பு, இருபத்தைந்து. நீலம் நடு பாக்கெட்டுக்கு நேராக இருந்தது. குழந்தைகூடப் போட்டுவிடும். நீலத்துக்கு ஐந்து, அதைப் போட்டால் சரியாக முப்பது.

குனிந்தேன். பிங்க் பந்துக்குப் பக்கத்தில், குச்சி நுனியில் தடவுகிற சாக் தூள் எள்ளளவு. மேசையில் தூளைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. யாரைக் கேட்டுப் போயிற்றோ, போய்த் தட்டிவிட்டது. சட்டைக்கை பிங்க்கில் பட்டது. மயிரிழைதான் அசைந்தது. கையோ துணியோ, எது பந்தில் பட்டாலும் தப்பு, முறை போய்விடும். கேப்டன் அந்தப் பக்கம் திரும்பி ஸ்கோர் பலகையில் முள்ளை நகர்த்திக்கொண்டிருந்தார். டைல்ஸ்காரர் டீயில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தார்.

"பட்டுடுச்சு," என்றேன்.

"என்னது?"

"பிங்க்ல சட்டை பட்டுடுச்சு."

"நான் பாக்கலையே," என்றார் டைல்ஸ்காரர்.

"நானும் பாக்கலை. அடிங்கம்மா," என்றார் கேப்டன்.

குச்சியைக் கீழே வைத்துவிட்டேன்.

கதவைப் பூட்டும்போது கேப்டன் சொன்னார்: "உங்க அக்காவா இருந்தா வாயே திறந்திருக்க மாட்டாங்க."

"என்ன சொல்றீங்க?"

"ரெண்டு தடவை பாத்திருக்கேன். முழங்கை படும். மூஞ்சில ஒண்ணுமே தெரியாது. அவங்க பாட்டுக்கு அடுத்த பந்தைப் பாத்துட்டு நிப்பாங்க."

பிரியமாகத்தான் சிரித்தார்.

மார்ச் 29

அடிப்பாவி. அப்ப என்கிட்டயும் இதே வேலைதானா? ஏழு வருஷம்— ஒரு ஆட்டம், ஒரே ஒரு ஆட்டம் நான் ஜெயிச்சிருக்கேனா? "உனக்குக் கண்ணு பத்தலைடி"ன்னு சொல்லுவியே. பத்தலைதான். நீ குனியறப்ப நான் பந்தையா பாத்தேன்? உன் மூஞ்சியைத்தானே பாத்துட்டு நின்னேன்.

செத்தவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். பிரஷ் போட்டுக்கொண்டே வாய்விட்டுத் திட்டினேன். இரண்டு மேசைக்கும் போதுமான அளவு இருந்தது. முடிந்ததும் பசித்தது. கொண்டுபோனதை எல்லாம் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 2

டீமில் டைல்ஸ்காரர் சேர்ந்தாயிற்று. இன்று காலை எட்டுக்கு வாசலில் நிற்கிறார்.

"கடை பத்துக்குத்தான் திறப்பேன். கூட ஒரு ஆட்டம் ஆடலாமா?"

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "செருப்பைக் கழட்டிட்டு வாங்க, இப்பதான் துடைச்சேன்" என்று வந்தது.

ஏப்ரல் 3

எதிராளி அடியை எதிராளியே அடிப்பது எவ்வளவு சௌகரியம்.

ஜூன் 9

இருபத்தெட்டு. டைல்ஸ்காரர் இப்போதெல்லாம் ஆட்டம் தொடங்கும்முன் என் சட்டைக்கையை மடக்கச் சொல்கிறார். "உங்க கைக்கு ஒரு விலங்கு போடணும்" என்கிறார். தோற்றால் முகம் சுருங்குகிறது, ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. நல்ல மனுஷன். மார்ச் மாதம் இப்படி எழுதியிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 17

அக்கா பிறந்த நாள். எட்டு. அதன் பிறகு ஆடவில்லை.

செப்டம்பர் 22

மறுபடி பட்டியல் நேரம். ஐந்தாவதாக ஆடுகிறவருக்கு வேலை மாற்றல், அவர் இடம் காலி. கேப்டன் இந்தத் தடவை நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தார்.

மூன்று சிவப்பு, மூன்று கறுப்பு, சிவப்பு, நீலம். முப்பது. அதன்மேல் ஒரு சிவப்பு. பிறகு தவறியது.

அத்தானுக்கு அனுப்பினேன்: "முப்பத்தொன்று."

"அவளுக்கு முப்பதுதான்" என்று பதில்.

கேப்டன் கேட்டார்: "அக்கா ஆடின மூணாவது இடம் வேணுமா? டைல்ஸ்காரர் நகந்துக்கறேங்கறாரு."

"வேண்டாங்க. அவரு அங்கயே இருக்கட்டும். எனக்கு அஞ்சாவது போதும்."

அக்டோபர் 8, வியாழன்

வெளியூர் டீம் வந்தது. ஐந்தாவது ஆட்டம் வரும்போது பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் கடைசி வரிசையில் இருந்தார். கறுப்பு விழுந்தால் ஏன் திரும்ப எடுத்து வைக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரை இரண்டு தடவை கேட்டாராம்.

என் எதிராளி ஒரு வங்கிக்காரி, என் வயதுதான் இருக்கும். நடுவில் கேட்டாள்: "யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"என் அக்காகிட்ட."

"அவங்க வரலையா?"

"இறந்துட்டா. போன நவம்பர்ல."

அவள் குனிந்து அடித்த சிவப்பு தவறியது. என் முறை வந்தது. எழுந்து போய் அடித்தேன்.

நான்கு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தேன். மேசை முழுக்கச் சாக் தூள். நாளைக் காலை பிரஷ் போடப்போவது நான்தான். அழுக்காக்கியதிலும் பாதி என் பங்கு. தட்டிவிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.