கருகிய பயிரோடு தில்லியில் ஒரு பகல்

இன்று பிப்ரவரி எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு எழுபத்தொன்பது வயதும் மூன்று மாதமும் ஆறு நாளும் ஆகின்றன. ஓய்வூதியம் வாங்குகிறவள் வயதை இப்படித்தான் வைத்திருக்க வேண்டும். நான் உயிரோடு இருப்பதற்கு ஆண்டுதோறும் சான்று கேட்கிறார்கள். உன்னிடம் யாரும் எந்தச் சான்றும் கேட்பதில்லை. அந்த வகையில் நீ கொடுத்துவைத்தவன், தம்பி.

காலையில் நம் ஊர் லுத்தரன் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. பூசணியும் வாழைத்தாரும் தேங்காயும் பீடத்துக்கு முன் குவிந்திருந்தன. கடைசியாக, வெள்ளைத் துணி சுற்றிய நெற்கதிர்க் கட்டு ஒன்றை இரண்டு பெண்கள் ஏந்திக்கொண்டு என் பெஞ்சைக் கடந்து போனார்கள். புது வைக்கோலின் மணம் மூக்கில் ஏறி நின்றது. யார் வயல் என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன்.

"நம்ம ஊர்ல ஏது வயல், டீச்சர்? ஒரத்தநாட்டுல சொல்லிவெச்சு வாங்கிட்டு வந்தாங்க" என்றாள்.

கதிர் ஒரத்தநாட்டுடையது, பூசணி தஞ்சாவூர்ச் சந்தையுடையது, விளைச்சலுக்காக நன்றி சொல்லும் வாய் மட்டும் எங்களுடையது. போதகர் மிகவும் உருக்கமாக ஜெபித்தார். நான் கண்ணை மூடவில்லை. அந்த வெள்ளைத் துணியைப் பார்த்ததும் எனக்குத் தில்லி நினைவுக்கு வந்துவிட்டது. வெள்ளைத் துணிக்கும் தில்லிக்கும் என்ன சம்பந்தம் என்று இந்த ஊரில் யாருக்கும் விளங்காது. விளங்கக்கூடிய ஒருவனிடம்தான் சொல்ல முடியும்; அவன் ஆலயத்துக்குப் பின்னால், வேலியோரம், கிழக்கே தலைவைத்துப் படுத்திருக்கிறான்.

அந்த ஆண்டு தை மாதம் உனக்கு மறந்திருக்காது. கல்லணையில் பிரியும் காவிரித் தண்ணீர் ஆறாகி, வாய்க்காலாகி, வழியில் உள்ள ஊரெல்லாம் குடித்த பிறகு மிஞ்சுவதுதான் அதிராம்பட்டினம் சாலையில் கிடக்கும் நம் ஊருக்கு. கடைமடை என்று அதற்குப் பெயரே இருக்கிறது. அந்த ஆண்டு எதுவும் மிஞ்சவில்லை. உன்னுடைய ஒரு வேலி நிலத்துச் சம்பா நெல்லும் கதிர் தள்ளுவதற்கு முன்பே கருகிற்று. மனுக்களுக்குப் பதில் வராததால், யாராவது தில்லிக்கே போய் நேரில் காட்டிவிட்டு வர வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் பேசினார்கள். முதலில் காய்ந்தது உன் வயல் என்பதால் உன்னைச் சொன்னார்கள். உனக்குத் தமிழைத் தவிர வேறு தெரியாது என்பதால் என்னையும் சேர்த்துச் சொன்னார்கள்.

அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது உன் வாழ்நாள் பெருமை. அந்த இங்கிலீஷுக்காகத்தான் நீ பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஏரைப் பிடித்தாய். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

புறப்படும் அன்று உன் மனைவி கருகிய பயிரில் ஒரு கட்டை வேரோடு பிடுங்கி, அறுப்பின் பண்டிகைக்குக் கட்டுவதைப் போலவே வெள்ளைத் துணி சுற்றித் தந்தாள். பெரிய இடத்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாதாம். ஆண்டவருக்குக் கட்டிப் பழகிய கை. அரசாங்கத்துக்கு எப்படிக் கட்டுவது என்று அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

தில்லியில் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் அலுவலகத்தின் வாயிலிலேயே நம்மை நிறுத்தினார்கள். அதிகாரி கூட்டத்தில் இருக்கிறாராம். மாலை ஐந்து மணிக்கு வரச் சொன்னார்கள். ஊருக்குத் திரும்பும் ரயில் அன்றிரவு. என் கணவருடைய பழைய ஸ்வெட்டரும் நான்குமுழ வேட்டியும் குரங்குக் குல்லாயுமாக, நெஞ்சோடு பயிர்க்கட்டை அணைத்தபடி நீ பனியில் நின்றாய். தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவன் மாதிரி இருந்தது.

"சாயந்திரம் வரைக்கும் என்னக்கா பண்றது?"

"ஊரைச் சுத்திப் பாப்போம். இனிமே நம்மள யாரு டெல்லிக்குக் கூப்பிடப்போறா?"

இப்படித்தான் நாம் சுற்றுலாப் பயணிகள் ஆனோம்.

மெட்ரோ நிலையத்தில் பையைச் சோதிக்கும் இயந்திரம் உன் கட்டை விழுங்கிக்கொண்டு நின்றுவிட்டது. துப்பாக்கி வைத்திருந்த காவலர் அவிழ்த்துக் காட்டச் சொன்னார். நெல்லுக்கு இந்தியில் என்ன சொல் என்பது எனக்குத் தெரியும், சொன்னேன். அவர் ஒரு நெல்தாளை இரண்டு விரலால் நசுக்கினார். பொடிந்தது. தமக்கும் பீகாரில் நிலம் உண்டு என்று சொல்லிவிட்டு, தாமே துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டுத் தந்தார். உனக்கு அது போதும்.

"பாத்தியாக்கா? தொட்டதும் தெரிஞ்சுருச்சு அந்த ஆளுக்கு. போலீசுக்கே தெரியுதுன்னா ஆபீசருக்குத் தெரியாதா?"

"இவன் கையில துப்பாக்கி. அவர் கையில பேனா. ரெண்டையும் ஒண்ணாப் பேசாத" என்றேன். நீ காதில் வாங்கவில்லை.

செங்கோட்டையை நான் கல்லூரியில் ஓய்வுபெறும் வரை பாடமாக நடத்தியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். மக்கள் அண்ணாந்து மாடங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். நீ மட்டும் தரையைப் பார்த்தாய். சலவைக்கல் மண்டபங்களின் நடுவே, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு கால்வாய் ஓடுகிறது. துளி ஈரம் கிடையாது; இரண்டு சருகும் ஒரு பிஸ்கட் உறையும் கிடந்தன.

"என்னக்கா இது, வாய்க்காலா?"

பலகையைப் படித்துச் சொன்னேன். சொர்க்கத்து ஓடை என்று பெயர். யமுனையின் மேற்பகுதியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து அரண்மனைக்குள் ஓடவிட்டிருக்கிறார்கள். நீ குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாய். "தண்ணி ஓட வாட்டம் நல்லாக் குடுத்துருக்கான்" என்று பாராட்டினாய். பிறகு அதன் ஓரமாகவே மண்டபம் மண்டபமாக நடந்தாய். மடையில் அடைப்பு எடுக்கப் போகிறவனைப் போல உன் நடை. தண்ணீர் நின்று எத்தனை காலம் ஆயிற்று என்று கேட்டாய். நூறு ஆண்டுக்கு மேல் இருக்கும் என்றேன்.

"அப்பறம் என்ன? ராஜா அரமனையே கடைமடை ஆயிருச்சு. நம்மளப் போய்க் கடைமடைங்கிறாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். சிரித்த வேகத்தில் உன் கால் கால்வாய்க்குள் இறங்கிவிட்டது. காவலாளி விசில் ஊதினான். நானும் சிரித்தேன். காலை எடுத்த பிறகும் உனக்கு மனம் ஆறவில்லை. "ஓடினப்போ கடைசியில யாருக்குக்கா பாஞ்சுச்சு?" என்றாய். பலகையைத் திரும்பவும் படித்தேன். அதில் அந்த விவரம் இல்லை.

மதியம் ஓர் உணவகத்தில் தட்டில் வந்த நீளமான அரிசியை விரலால் ஒதுக்கிப் பார்த்துவிட்டு, இது சோறா சேமியாவா என்று கேட்டாய். கட்டை எதிர் நாற்காலியில் உட்காரவைத்திருந்தாய். பரிமாறுகிறவன் அதற்கும் சேர்த்து மூன்று தம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனான். நாம் இருவரும் அந்த மூன்றாவது தம்ளரைப் பார்த்தோம்.

இந்தியா கேட்டுக்கு நான் உன்னை அழைத்துப் போயிருக்கக் கூடாது. பனி விலகி வெயில் வந்திருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் புல். குழாய்கள் சுழன்று சுழன்று புல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தன. நடைபாதையெல்லாம் நனைந்து வழிந்தது. நீ இப்போது கத்தப்போகிறாய், அல்லது அழப்போகிறாய் என்று காத்திருந்தேன். இரண்டில் எது நடந்திருந்தாலும் நான் சமாளித்திருப்பேன். நீ புல்லின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, பெருவிரலை மண்ணில் அழுத்தி ஈரம் பார்த்தாய்.

"நல்லா வெச்சிருக்காங்கக்கா" என்றாய். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "இவ்ளோ தண்ணிய இந்த ஊருக்குக் கொண்டாரத் தெரிஞ்சவங்களுக்கு நமக்கு விடத் தெரியாதா? யாரும் நேர்ல வந்து சொல்லிருக்க மாட்டாங்க. அதான்" என்றாய்.

எனக்கு அப்போது பயம் வந்தது. காலையில் வாயிலில் நின்றபோது உனக்குப் பாதி நம்பிக்கைதான் இருந்தது. பகல் முழுவதும் ஊர் சுற்றியதில் அது முழுதாகிவிட்டது. குடிமக்கள் நடுங்கட்டும் என்று கட்டிவைத்த சுவர்களையும் வாயில்களையும் பார்த்து ஆறுதல் அடைந்த ஒரே மனிதன் நீயாகத்தான் இருப்பாய். இவ்வளவு பெரிதாகக் கட்டத் தெரிந்தவர்கள் சின்னதாக ஒரு மடையைத் திறக்க மாட்டார்களா என்பது உன் கணக்கு.

ஐந்து மணிக்கு உள்ளே விட்டார்கள். அதிகாரி கெட்டவரில்லை. என் தலைநரையைப் பார்த்து எழுந்து நின்றார். நீ கட்டை அவிழ்த்து அவருடைய கண்ணாடி மேசையின் மேல் வைத்தாய். உதிர்ந்த தூசியை உன் துண்டாலேயே துடைத்தாய். பிறகு அவருக்குத் தமிழ் தெரியும் என்பதுபோல நேராக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாய். எந்த மாதம் நாற்று விட்டாய், எந்த மாதம் தண்ணீர் முறை வரவேண்டும், மேலே எந்த மதகோடு தண்ணீர் நின்றுபோயிற்று என்று எல்லாவற்றையும் சொன்னாய். நான் ஆங்கிலமாக்கினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், ஆங்கிலத்தில் கொஞ்சம் பேசினார். அவர் பேசிய நேரமெல்லாம் நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"கவனிக்கிறேங்கிறார்" என்றேன். "அடுத்த தடவை நம்ம ஊர் வரைக்கும் தண்ணி வந்து சேரும்படி பாக்குறேங்கிறார்."

நீ குனிந்து கும்பிட்டாய். கட்டை அங்கேயே விட்டுவிட்டாய். வெளியே வந்ததும் குல்லாயைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேலை நடந்துருச்சுக்கா" என்றாய். திரும்பும் ரயிலில் நம் பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் தில்லி எப்படி நியாயமான ஊர் என்று விளக்கினாய். நான் மேல்படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு மேட்டூரைத் திறந்தார்கள். நீ தினமும் காலையில் மதகடியில் போய் நின்றாய். பக்கத்து ஊர் வரை வந்த தண்ணீர் அதோடு நின்றது. ஒரு வருஷம் முன்னப்பின்ன ஆகும், அரசாங்கம்னா அப்படித்தான் என்றாய். இறால் பண்ணைக்காரர்கள் வந்து நிலம் கேட்டபோது அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவராகக் கொடுத்துவிட்டார்கள். "டெல்லியிலயே சொல்லியிருக்காங்க" என்று நீ மட்டும் மறுத்தாய். சிங்கப்பூரிலிருந்து உன் மகன் விற்கச் சொன்னபோது, "அத்தை கூட இருந்தாங்க, கேட்டுப் பாரு" என்றாயாம். அவன் கேட்டான். ஆமாம், அப்படித்தான் சொன்னார் என்றேன்.

சுற்றிலும் தோண்டிய குட்டைகளிலிருந்து உப்பு உன் வரப்புக்குள் ஊறிற்று. மறுபடியும் விதைத்தாய்; மறுபடியும் கருகிற்று. நான்காவது சம்பாவில் உன்னை வரப்பிலிருந்து தூக்கிவந்தார்கள். மாரடைப்பு என்று மருத்துவர் எழுதினார். நான் மறுத்துப் பேசவில்லை. நெஞ்சு நின்றுபோனது உண்மைதானே.

கல்லறை மண் காய்வதற்குள் உன் மகன் விற்றுவிட்டான். அவன்மேல் எனக்குக் குறையில்லை. இப்போது உன் ஒரு வேலியிலும் ஆண்டு முழுவதும் தண்ணீர் தளும்பி நிற்கிறது, உப்புத் தண்ணீர். இறாலுக்குக் காற்று அடிக்கும் சக்கரங்கள் இரவும் பகலும் சுற்றுகின்றன. உன் மனைவி அந்தச் சத்தத்துக்குப் பயந்து மகனோடு போய்விட்டாள். எனக்குக் காது மந்தமாகி வருவதால் ஒரு தொல்லையும் இல்லை.

உண்மையைச் சொல்லியிருந்தால் நீ விற்றிருப்பாயா? மாட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பிடிவாதக்காரன், மண்ணை விட்டு இருக்க முடியாதவன், எப்படியும் அந்த வரப்பில்தான் போயிருப்பான் என்றெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். அதை நம்பும் அளவுக்கு நான் படிக்காதவளாக இல்லை. அன்று ஒரு மாலை மட்டும், நீ ரயிலேறும் வரைக்கும் மட்டும் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். ரயிலில் நீ அதை எல்லாருக்கும் சொல்லத் தொடங்கிவிட்டாய். ஊரில் ஆலயத்தில் எழுந்து நின்று சாட்சியாகவே சொன்னாய். பிறகு அதைத் திரும்பப் பெற எனக்கு ஒரு நாள் அமையவில்லை. அமைந்த நாட்களிலும் எனக்கு வாய் வரவில்லை.

அந்த அறையில் அவர் சொன்ன ஆங்கிலம் ஒரு சொல் குறையாமல் என்னிடம் இருக்கிறது. வேறு எவ்வளவோ மறந்துபோயிற்று; என் கணவரின் குரல்கூட மறந்துபோயிற்று. இது போகவில்லை. தமிழில் இப்படி வரும்:

"அம்மா, நானும் ஒரு விவசாயியின் மகன்தான், அதனால் சொல்கிறேன். அந்தக் கடைசிப் பகுதியை இங்கே யாரும் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. வாங்குவதற்கு ஆள் இருக்கும்போதே நிலத்தை விற்றுவிட்டு உயிரோடு இருக்கச் சொல்லுங்கள். எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று உங்கள் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்."

சொல்லிவிட்டேன், தம்பி.