ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் மூன்று நிமிடம்

மார்ச் 4
ஓய்வு பெற்று ஒன்பது மாதம். முதியோர் மன்றத்தில் இன்று பந்து எறியச் சொன்னார்கள். நான் எறிந்த எறியில் ஜன்னல் கொக்கி கழன்றுவிட்டது. "அம்மா, மெதுவா!" என்று பயிற்சி கொடுக்கும் பெண் பதறினாள். முப்பத்தோரு வருடம் இந்த ஊர்ப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போட்டவள் நான். எனக்குப் பந்து!

மார்ச் 6
ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் எங்கள் மன்றத்து நர்ஸம்மா ஒரு காலைப் படியில் வைத்ததும் பேருந்து கிளம்பிவிட்டது. விழுந்து முழங்கையெல்லாம் சிராய்ப்பு. எல்லாம் டிப்போவின் புது மேனேஜர் செய்த வேலை. வேலையில் இருந்தபோது நான் ஒரு வாரம் கடிகாரத்தோடு அங்கேயே நின்று, கட்டுப்போட்ட காலும் ஊன்றுகோலும் ஏற எவ்வளவு நேரம் ஆகிறதென்று பார்த்து, மூன்று நிமிடம் வைத்திருந்தேன். அவர் கம்ப்யூட்டரில் அதை அரை நிமிடமாக்கிவிட்டார்.

மார்ச் 7
டிப்போவுக்குப் போனேன். மேனேஜர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "நீங்க ஏம்மா அலையிறீங்க? வீட்ல நிம்மதியா ரெஸ்ட் எடுங்க." பதினோரு வருடம் பக்கத்து மேசையிலிருந்து என் பென்சிலை ஓசி வாங்கிய ஆள்! என் ஜன்னலோர நாற்காலியில் இப்போது அவர் கோட்டு தொங்குகிறது. இரு, இரு — உன்னை என் முன்னாடி வந்து நிக்க வைக்கலேன்னா பாரு.

மார்ச் 10
மெதுவாக ஏறுவது குற்றமா என்ன?

மார்ச் 12
மன்றத்தில் திட்டத்தைச் சொன்னேன். படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த இருபத்திரண்டு பேரும் பென்சிலைக் கீழே வைத்தார்கள்.
"நடிக்கணுமா?" என்று கேட்டாள் நர்ஸம்மா.
"வேண்டாம். நம்ம வேகத்துல ஏறினாலே போதும்."

மார்ச் 13
காலை எட்டே கால். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஒவ்வொருவராக ஏறினோம். ஏழு நிமிடம்! பின்னால் நான்கு பேருந்துகள் ஹாரன் அடித்து ஓய்ந்தன. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த அரை நிமிடத்துக்காகத் தினமும் திட்டு வாங்குபவர் அவர்தானே. வீட்டுக்கு வந்து இரண்டு முறை சாப்பிட்டேன். இப்படிப் பசித்து எத்தனை நாளாயிற்று!

மார்ச் 14, 17, 18
அதேதான்.

மார்ச் 19
வரிசையில் புதிதாக ஒரு அம்மா, ஊன்றுகோலோடு. மேனேஜரைப் பெற்றவராம். "அவன்கிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாய்தான் வலிக்குது. நானும் ஏறுறேன்." அவரை முதலில் நிறுத்தினோம்.

மார்ச் 21
மேனேஜரே மன்றத்துக்கு வந்தார். பந்துக்கூடை பக்கத்து ஸ்டூலைக் காட்டினேன். நான் ஒரு படம் முழுக்க வண்ணம் தீட்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். மூன்று நிமிடத்தைத் திரும்ப வைத்துவிடுகிறாராம். "மத்த ரூட்டும் குளறுபடியா இருக்கு. வாரத்துல மூணு நாள் வந்து சரி பண்ணிக் குடுங்கம்மா."
ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "நான் வீட்ல நிம்மதியா ரெஸ்ட் எடுக்கிறேனே!"
முகம் சுண்டிப் போயிற்று. அதை ஆசை தீரப் பார்த்த பிறகுதான் என் நிபந்தனைகளைச் சொன்னேன்.

மார்ச் 24
ஜன்னலோர மேசை மறுபடி எனக்கு. அவர் கதவோரம். நர்ஸம்மாவும் இன்னும் நான்கு பேரும் டிப்போ அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, கடிகாரத்தோடு நிறுத்தங்களில் நிற்கிறார்கள். மன்றத்தில் பந்து எறிய ஆள் இல்லையாம்.

மேனேஜர் பென்சில் கேட்டார். கொடுக்கவில்லை. அவர் பார்க்கும்படி சிவப்பு மைப் பேனாவைத் திறந்தேன். அவர் போட்டதில் திருத்த இன்னும் இருபத்தோரு ரூட் பாக்கி இருக்கிறது. எனக்கு ஒன்றும் அவசரமில்லை.