பட்டறையை மறந்த லாரி

என் வீட்டம்மாவுக்கு,

நான் நலம். உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது? எங்கள் முதலாளி நெடிய ஆலோசனைக்குப் பின் மகத்தான முடிவொன்றை எடுத்தார்: என் டீசல் லாரிக்குக் கியர் ஆயில் மாற்றப்படும்.

டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேடேறும்போது ஆட்டோமேட்டிக் கியர் சூடாகி, வண்டி சற்றே பின்னால் நகர்ந்தது. சற்றேதான், பயப்படாதே. வண்டி பட்டறையில் கிடக்கும் நாட்களில்தான் இங்கே டிரைவருக்கு விடுப்பு. அடுத்த மாதமும் வண்டி அங்கே போய்ப் படுக்கும் என்று நம்பித்தான் வருவதாக எழுதியிருந்தேன்.

மெக்கானிக் அக்கா கியர் பெட்டியைப் பிரித்தார். "ஆயில் மாத்தணுமா? உள்ள பிளேட்டெல்லாம் கரிக்கட்டையா கெடக்கு! டிரைவர் தம்பி உயிரு என்ன ஓசியா?" என்று முதலாளியைப் பிடித்துக்கொண்டார். முதலாளி பணத்தை எண்ணி வைத்தார். உறுதியான கிளட்ச் பிளேட்டுகளும் பெரிய ஆயில் கூலரும் ஒரே வாரத்தில் ஏறின; அந்த வாரம் அக்காவுக்கு உதவியாக என்னையும் பட்டறையிலேயே நிறுத்திவிட்டார் முதலாளி. நேற்று அதே மேட்டில் முழுச் சுமையோடு போனேன். வண்டி மூச்சு வாங்கவில்லை. அக்காவின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

"இனிமே இந்த வண்டிக்குப் பட்டறை வாசலே மறந்துபோகும், தம்பி" என்றார் அக்கா.

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. பழைய செருப்பு அளவு இப்போது பற்றாது. ஹாரன் அடிக்கிறார்கள், கிளம்புகிறேன்.

உன் வீட்டுக்காரன்

பி.கு.: முதலாளி என் விடுப்பை ரத்து செய்துவிட்டார்.